ஒரே பெயரில் இரண்டு ஃபைல்: பைதான் மாட்யூல் மோதலைக் கண்டுபிடித்துத் தீர்க்க ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடியில் பலகாரக் கடை நடத்தும் ஓர் ஆச்சிக்காக, என்னிடம் நிரலாக்கம் படிக்கும் மாணவி ஒருவர் பைதான் மொழியில் சிறிய நிரல் எழுதிக் கொடுத்திருந்தார். எந்த முகூர்த்தத்துக்கு எத்தனை மனகோலம், எத்தனை அதிரசம், எத்தனை தேன்குழல் என்று பதிந்தால் வாடிக்கையாளருக்குச் செய்தி போய்விடும். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் வாரத்தில் ஒரு நாள் காலை நிரல் எழவே இல்லை. “தம்பி, நேற்று ராத்திரி வரைக்கும் ஓடியதே” என்று ஆச்சி என்னைக் கூப்பிட்டார்.

மாணவி அதற்குள், இணையத்தோடு பேச உதவும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ லைப்ரரியை மூன்று முறை நீக்கி மறுபடி நிறுவியிருந்தார். பிறகு பைதானையே நீக்கி நிறுவியிருந்தார். குற்றம் இரண்டிலும் இல்லை. முந்தைய நாள் மாலை முகூர்த்தத் தேதிகளை வைப்பதற்காக ஒரு புதிய ஃபைல் சேர்த்து, அதற்குக் கேலண்டர்.பை என்று பெயர் வைத்திருந்தார். பைதானோடு கூடவே வரும் ஒரு மாட்யூலின் பெயரும் அதுதான். மாட்யூல் என்பது, வேறு நிரல்கள் ‘இம்போர்ட்’ என்ற கட்டளையால் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் ஃபைல்.

இந்தத் தவறைச் செய்யாத பைதான்காரரை நான் பார்த்ததில்லை. பாடங்களில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குகிறார்கள், அல்லது அதுவும் இல்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். கட்டளைகளையும் மாட்யூல் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பெயர் யாருக்குச் சொந்தம்

நகரத்தார் வீடுகளில் பேரனுக்கு ஐயாவின் பெயரை வைப்பது வழக்கம். ஆகவே ஒரே ஊரில், ஒரே வீட்டில்கூட, ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தையே பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தந்தையும் முத்தையா, மகனும் முத்தையா. இருவரையும் பிரித்துக் காட்டுவது பெயருக்கு முன்னால் நிற்கும் விலாசம்: ஒருவர் சா.ராம. முத்தையா, மற்றவர் மு.அ. முத்தையா. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தவர்கள் கணக்கேட்டில் விலாசத்தை எழுதியதற்கும் இதே காரணம்தான்.

ஜாவா மொழியில் இந்த விலாச முறை கட்டாயம் போலவே ஆகிவிட்டது. நிறுவனத்தின் இணைய முகவரியைத் தலைகீழாகத் திருப்பி, நிரல் ஃபைல்களைக் கூட்டி வைக்கும் பேக்கேஜின் பெயருக்கு முன்னால் வைக்கிறார்கள். ‘ஜாவா’ என்று தொடங்கும் பேக்கேஜை நீங்கள் உருவாக்கி ஏற்ற முயன்றால், தடைசெய்யப்பட்ட பெயர் என்று சொல்லி அந்த மொழியே மறுத்துவிடும். 2017இல் வந்த ஜாவா 9 இன்னும் ஒரு படி போய், ஒரே பேக்கேஜ் இரண்டு மாட்யூல்களில் இருக்கக் கூடாது என்றது.

பைதானில் அப்படி ஒரு காவல் இல்லை. கேலண்டர் என்ற பெயரை யாரும் பட்டா போட்டு வைக்கவில்லை. தேடும் பாதையில் முதலில் கண்ணில் படுவதே கேலண்டர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதல் படி: எந்தப் பெயர்கள் ஆபத்தானவை

எல்லாப் பெயர்களும் ஒரே மாதிரி ஆபத்து அல்ல. கடுமையானவை மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்கள். கிளாஸ், இம்போர்ட், லாம்டா, ரிட்டர்ன் போல மொத்தம் 35 இருக்கின்றன. டியூஷன் வகுப்புப் பட்டியலுக்கு கிளாஸ்.பை என்று ஃபைல் வைத்தால், அதை இம்போர்ட் செய்யும் வரியே இலக்கணப் பிழை ஆகிவிடும். 2018இல் வெளிவந்த பைதான் 3.7இல் ‘அசிங்க்’, ‘அவெயிட்’ இரண்டும் இந்தப் பட்டியலில் சேர்ந்தபோது, அந்தப் பெயரில் மாட்யூல் வைத்திருந்த லைப்ரரிகள் பெயரை மாற்ற வேண்டிவந்தது. ‘மேட்ச்’, ‘கேஸ்’, ‘டைப்’ ஆகியவை மென்மையான ஒதுக்கீடு: குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சிறப்புப் பொருள், மற்ற இடங்களில் சாதாரணப் பெயர். பட்டியல் வேண்டுமென்றால் ‘கீவேர்ட்’ மாட்யூலை இம்போர்ட் செய்து ‘கேடபிள்யூலிஸ்ட்’ என்பதை அச்சிடுங்கள். பெயரின் நடுவில் ஹைஃபன் இருந்தாலும், எண்ணில் தொடங்கினாலும் சாதாரண இம்போர்ட் வரியில் எழுத முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பைதானோடு வரும் நிலையான லைப்ரரி. ஏறத்தாழ 300 பெயர்கள். அன்றாட வேலையில் இயல்பாக வாயில் வரும் சொற்கள் பல அதில் உண்டு: கேலண்டர், டோக்கன், க்யூ, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், காப்பி, கோட், ஈமெயில், ரேண்டம், ஸ்ட்ரிங், செலக்ட், டெஸ்ட். இவற்றில் டோக்கன் மிகவும் பொல்லாதது. கடையில் வரிசை எண் கொடுக்க டோக்கன்.பை என்று எழுதுவது யாருக்கும் தோன்றும். ஆனால் ‘டோக்கனைஸ்’ மாட்யூல் அதைக் கேட்கிறது. ‘இன்ஸ்பெக்ட்’ டோக்கனைஸைக் கேட்கிறது. ‘டேட்டாகிளாசஸ்’ இன்ஸ்பெக்டைக் கேட்கிறது. கடைசியில் நீங்கள் தொடவே இல்லாத ஓர் இடம் உடைந்து நிற்கும். பைதான் 3.10 முதல் இந்தப் பட்டியல், ‘டெஸ்ட்’ நீங்கலாக, ‘சிஸ்’ மாட்யூலில் ‘எஸ்டிடிலிப் மாட்யூல் நேம்ஸ்’ என்ற பெயரில், சொற்களுக்கு இடையே அடிக்கோடு போட்டு, கிடைக்கிறது.

மூன்றாவது வகை தலைகீழானது. ‘சிஸ்’, ‘டைம்’ போன்ற சில மாட்யூல்கள் பைதானின் உள்ளேயே கட்டப்பட்டவை. டெலிவரி நேரங்களுக்கு டைம்.பை என்று நீங்கள் எழுதினால் தோற்பது உங்கள் ஃபைல். அது இருப்பதாகவே பைதான் காட்டிக்கொள்ளாது. அதிலுள்ள உங்கள் ஃபங்ஷனைக் கேட்டால், இடம் தெரியாத ‘டைம்’ மாட்யூலில் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும். எழுதிய ஃபைல் கண்ணெதிரே இருக்கும்போது இல்லை என்று சொன்னால் புதிதாகப் படிப்பவருக்கு எவ்வளவு குழப்பமாக இருக்கும்!

இரண்டாம் படி: பைதான் எப்படித் தேடுகிறது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இது புரியாமல் பெயரை மாற்றிக்கொண்டே போனால் மோதல் இடம் மாறும், தீராது.

ஒரு மாட்யூலைக் கேட்டதும், ஏற்கெனவே ஏற்றி வைத்தவற்றின் பட்டியலான ‘சிஸ்.மாட்யூல்ஸ்’ முதலில் பார்க்கப்படுகிறது. அதில் இருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. பைதான் தொடங்கும்போதே ஏற்றிக்கொள்ளும் ‘ஓஎஸ்’, ‘ஐஓ’ போன்றவற்றின் பெயரில் நீங்கள் ஃபைல் வைத்தால் அது கண்டுகொள்ளப்படாததற்கு இது ஒரு காரணம். பட்டியலில் இல்லையென்றால் உள்ளே கட்டப்பட்டவை, அடுத்து பைதானுக்குள் உறையவைத்துச் சேர்க்கப்பட்டவை. அங்கும் கிடைக்காதபோதுதான் ‘சிஸ்.பாத்’ என்ற ஃபோல்டர் வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக, தேடல் நடக்கிறது.

அந்த வரிசையின் முதல் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே மையம். ஃபைல் பெயரைச் சொல்லி நிரலை ஓட்டினால், அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர். -எம் அல்லது -சி கொடுத்து ஓட்டினால், நீங்கள் அப்போது நிற்கும் ஃபோல்டர். அதற்குப் பிறகு ‘பைதான்பாத்’ (எல்லாம் பெரிய எழுத்து) சூழல் மாறியில் உள்ளவை, பிறகு நிலையான லைப்ரரி, கடைசியில் லைப்ரரிகளை நிறுவும் ‘பிப்’ கருவி மூலம் நிறுவியவை இருக்கும் ‘சைட்-பேக்கேஜஸ்’. உங்கள் ஃபோல்டர் லைப்ரரிக்கு முன்னால் நிற்கிறது. அந்த ஃபோல்டரில் கேலண்டர்.பை இருந்தால், உங்களுக்கு மட்டும் அல்ல, உங்கள் நிரல் ஏற்றும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் அதுவே கேலண்டர்.

ஆச்சியின் கடையில் நடந்தது இதுதான். ரிக்வெஸ்ட்ஸ், குக்கிகளைக் கையாள ‘ஹெச்டிடிபி.குக்கிஜார்’ மாட்யூலைக் கேட்கிறது. குக்கிஜார், கேலண்டரிலிருந்து ‘டைம்ஜிஎம்’ என்ற ஃபங்ஷனைக் கேட்கிறது. மாணவியின் ஃபைலில் முகூர்த்தத் தேதிகள் இருந்தன, டைம்ஜிஎம் இல்லை. ரிக்வெஸ்ட்ஸே இல்லாத நிரலிலும் தப்ப முடியாது: எழுத்தில் உள்ள தேதியைப் படிக்கும் ‘ஸ்ட்ரெப்டைம்’ கூட உள்ளே கேலண்டரிடம்தான் கிழமைப் பெயர்களைக் கேட்கிறது.

சிலர் கேலண்டரை ‘ஆஸ்’ போட்டு வேறு பெயரில் இம்போர்ட் செய்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று மருமகள் பிள்ளையை வீட்டில் வேறு பெயரிட்டுக் கூப்பிடுவார். பள்ளிப் பதிவேட்டில் பழைய பெயர்தான் இருக்கும். ‘ஆஸ்’ அந்த வீட்டுப் பெயர். தேடல் பதிவேட்டுப் பெயரில் நடந்து முடிந்த பிறகே அது ஒட்டப்படுகிறது. தவறான ஃபைலுக்குச் செல்லப்பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: நோயைக் கண்டுபிடித்தல்

எதையும் நீக்கி மறுபடி நிறுவாதீர்கள். முதலில் பிழைச் செய்தியின் கடைசி வரியை முழுவதும் படியுங்கள். ‘இந்தப் பெயரை இந்த மாட்யூலிலிருந்து இம்போர்ட் செய்ய முடியவில்லை’ என்று சொல்லிவிட்டு, அந்த மாட்யூல் எந்த ஃபைலிலிருந்து வந்தது என்ற முகவரியையும் இறுதியில் சேர்த்திருக்கும். லைப்ரரி என்று நீங்கள் நம்பிய மாட்யூலின் முகவரி உங்கள் வேலை ஃபோல்டரைக் காட்டினால், நோய் பிடிபட்டது. ‘பாதி தயாரான மாட்யூல், வட்ட இம்போர்ட்டாக இருக்கலாம்’ என்று வந்தாலும் சந்தேகப்படுங்கள். ரேண்டம்.பை என்ற ஃபைலுக்குள்ளேயே ரேண்டத்தை இம்போர்ட் செய்தால் வருவது இந்தச் செய்திதான். ஃபைல் தன்னைத்தானே அழைத்துக்கொண்டிருக்கும்.

2024 அக்டோபரில் வந்த பைதான் 3.13 இதில் பெரிய உதவி செய்திருக்கிறது. உங்கள் ஃபைலின் பெயர் நிலையான லைப்ரரி மாட்யூலின் பெயராக இருக்கிறது, பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பிழைச் செய்தியே சொல்கிறது. கற்பவர்களுக்கு இந்தப் பதிப்பையோ இதற்குப் பிந்தையதையோ நிறுவிக் கொடுங்கள் என்று எல்லா ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பதிப்பாக இருந்தால் கையால் கேட்க வேண்டும். வேலை ஃபோல்டரில் நின்றுகொண்டு, பைதான் -சி கொடுத்து, கேலண்டரை இம்போர்ட் செய்து அதன் ‘ஃபைல்’ பண்பை அச்சிடச் சொல்லுங்கள். அந்தப் பண்பின் பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு வேண்டும். முகவரி வந்துவிடும். பிறகு அதே கட்டளையை -ஐ சேர்த்து ஓட்டுங்கள். இந்த எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து. இது தனிமை நிலை: நீங்கள் நிற்கும் ஃபோல்டரையும் சூழல் மாறிகளையும் பைதான் கணக்கில் எடுக்காது. இரண்டு முகவரிகளும் வேறுபட்டால் மோதல் உறுதி. மாட்யூலை ஓட்டாமல் இடத்தை மட்டும் தெரிந்துகொள்ள ‘இம்போர்ட்லிப்.யூட்டில்’ தரும் ‘ஃபைண்ட் ஸ்பெக்’ (இடையே அடிக்கோடு) போதும். சங்கிலி நீளமாக இருந்து எங்கே திரும்புகிறது என்றே தெரியாதபோது -வி கொடுத்து ஓட்டினால், ஏற்றப்படும் ஒவ்வொரு மாட்யூலும் எங்கிருந்து வருகிறது என்று வரிவரியாகக் கொட்டும்.

நான்காம் படி: பெயர் மாற்றம்

மோதும் ஃபைலின் பெயரை மாற்றுங்கள். கேலண்டர், ‘முகூர்த்தம்’ ஆயிற்று. அதை இம்போர்ட் செய்யும் வரிகளை எல்லாம் தேடித் திருத்துங்கள். ‘பைகேஷ்’ ஃபோல்டரில் கிடக்கும் பழைய தொகுப்பு, அதாவது உங்கள் ஃபைலைப் பைதான் மாற்றிச் சேமித்த வடிவம், பைதான் 3.2 முதல் மூல ஃபைல் இல்லாமல் ஏற்றப்படாது, நீக்கினாலும் தவறில்லை. பைதான் 2இல்தான் அந்தத் தொகுப்பு மூல ஃபைலின் பக்கத்திலேயே கிடந்து, பெயர் மாற்றிய பிறகும் தொல்லை கொடுத்தது. நோட்புக்கில் வேலை செய்கிறீர்கள் என்றால் கெர்னலை, அதாவது பின்னால் ஓடும் பைதானை, மறுபடி தொடங்குங்கள், ஏனெனில் பழைய மாட்யூல் சிஸ்.மாட்யூல்ஸில் இன்னும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் பலர் மறக்கிறார்கள். ‘பிக்கிள்’ முறையில் சேமித்த தரவு, தன் கிளாஸ் எந்த மாட்யூலில் இருந்தது என்ற பெயரையும் சேர்த்தே சேமிக்கிறது. மாட்யூலின் பெயர் மாறினால் பழைய ஃபைல் திறக்காது. கடைக் கணக்கு அப்படிச் சேமிக்கப்பட்டிருந்தால், பெயர் மாற்றுவதற்கு முன்பே ஜேசன் போன்ற பொது வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். வைக்கலாம். பைதான் 3 தொடங்கி மாறிகளுக்கும் மாட்யூல்களுக்கும் தமிழ்ப் பெயர் செல்லும். நிலையான லைப்ரரியோடு மோதவும் வாய்ப்பில்லை. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ‘கொ’ போன்ற எழுத்தில் கவனம் வேண்டும். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்குள் எழுதிய பெயரைப் பைதான் ஒரே குறி வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. வட்டில் உள்ள ஃபைல் பெயரை மாற்றுவதில்லை. ஃபைல் பெயர் இரண்டு குறியாகச் சேமிக்கப்பட்டிருந்தால், லினக்ஸில் ‘கொலு’வைத் தேடினால் கொலு இல்லை என்று வரும்.

ஐந்தாம் படி: விலாசம் கொடுத்தல்

ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் மாற்றிக்கொண்டிருப்பது தற்காலிகம். நிலையான தீர்வு, திட்டத்துக்கு ஒரே ஒரு தனிப்பெயர் வைத்து எல்லா ஃபைல்களையும் அதன் கீழ் கொண்டுவருவது. பலகாரம் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘இனிட்’ ஃபைல், இதற்கும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு. அதே ஃபோல்டரில் முகூர்த்தம், ஆர்டர், செய்தி. இனி அவற்றின் முழுப்பெயர் பலகாரம்.முகூர்த்தம், பலகாரம்.ஆர்டர் என்று விலாசத்தோடு வரும். இந்தக் குடும்பத்துக்குள் கேலண்டர் என்று ஒருவர் இருந்தாலும் அவர் பலகாரம்.கேலண்டர், வெறும் கேலண்டர் என்று கேட்டால் பைதான் 3இல் லைப்ரரியுடையதே வரும்.

ஆனால் இந்த நன்மை முழுவதும் நிரலை ஓட்டும் விதத்தில் இருக்கிறது. பலகாரம் ஃபோல்டருக்குள் போய் ஒரு ஃபைலை நேரடியாக ஓட்டினால், தேடல் வரிசையின் முதல் இடத்தில் அந்த உள் ஃபோல்டரே வந்து உட்கார்ந்துவிடும். விலாசம் உதிர்ந்துவிடும், பழைய மோதல் அப்படியே திரும்பும். பேக்கேஜ் ஆக்கிவிட்டேன், ஆனாலும் பிழை வருகிறது என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுக்கியிருந்தார்கள். வெளி ஃபோல்டரில் நில்லுங்கள். பைதான் -எம் பலகாரம்.ஆர்டர் என்று ஓட்டுங்கள். சோதனை ஃபைல்களின் ஃபோல்டருக்கு ‘டெஸ்ட்’ வேண்டாம், அது லைப்ரரியின் பெயர். ‘டெஸ்ட்ஸ்’ என்று வைத்தாலும் பேக்கேஜை வெளியிடும்போது அதைச் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள், மற்றவர்களின் சைட்-பேக்கேஜஸில் போய் மோதும்.

ஆறாம் படி: வெளியிலிருந்து வரும் மோதல்

பிப்பில் கொடுக்கும் பெயர் வேறு, இம்போர்ட் செய்யும் பெயர் வேறு. பில்லோவை நிறுவி ‘பிஐஎல்’ (மூன்றும் பெரிய எழுத்து) என்று இம்போர்ட் செய்கிறோம். பையாமல் நிறுவினால் யாமல், சைகிட்-லேர்ன் நிறுவினால் எஸ்கேலேர்ன். இரண்டு வேறு பேக்கேஜ்கள் ஒரே இம்போர்ட் பெயரை எழுதவும் கூடும். ஓப்பன்சிவி-பைதான், அதன் ‘ஹெட்லெஸ்’ வடிவம் இரண்டும் ‘சிவி2’ என்ற ஒரே ஃபோல்டரில் இறங்குகின்றன. பைகிரிப்டோவும் பைகிரிப்டோடோமும் ‘கிரிப்டோ’வில் (முதல் எழுத்து மட்டும் பெரியது) இறங்குகின்றன. பிப் இதைத் தடுக்காது. பின்னால் வந்தது முன்னதை மேலெழுதும். ஒன்றை நீக்கினால் மற்றதன் ஃபைல்களும் சேர்ந்து போய்விடும். இந்த நிலையில் இரண்டையும் நீக்கிவிட்டு வேண்டியதை மட்டும் நிறுவுங்கள். எந்த இம்போர்ட் பெயருக்கு எந்தப் பேக்கேஜ் சொந்தம் என்று பார்க்க, பைதான் 3.10 முதல் ‘இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா’ தரும் ‘பேக்கேஜஸ் டிஸ்ட்ரிப்யூஷன்ஸ்’ (இடையே அடிக்கோடு) இருக்கிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ‘வென்வ்’ கொண்டு தனிச் சூழல் அமைத்தால், ஒரு திட்டத்தின் நிறுவல் அடுத்ததைத் தொடாது.

உங்கள் பேக்கேஜை, பைதானின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் வெளியிடப் போகிறீர்களா? அங்கே பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. ஹைஃபன், அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றே. நிலையான லைப்ரரியின் பெயர்களை எடுக்க முடியாது. தமிழ் எழுத்தில் பெயர் செல்லாது. அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் பேக்கேஜானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பெரிய நிறுவனங்களின் உள் பேக்கேஜ் பெயர்களிலேயே பொதுக் களஞ்சியத்தில் பேக்கேஜ் ஏற்றினால் அவர்களின் கணினிகள் பொதுவானதை எடுத்துக்கொள்கின்றன என்று 2021 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினார். பிப்பில் கூடுதல் களஞ்சியத்தைச் சேர்க்கும் வசதி உங்கள் களஞ்சியத்துக்கு முன்னுரிமை தருவதில்லை. பதிப்பு எண் பெரியதாக இருப்பது வென்றுவிடும். உள் பேக்கேஜுக்கு உள் களஞ்சியம் ஒன்றை மட்டுமே காட்டுங்கள்.

ஏழாம் படி: முன்கூட்டியே காவல்

பைதான் 3.11 முதல் -பி என்ற விருப்பம் இருக்கிறது. இதுவும் பெரிய எழுத்து. நிரலின் ஃபோல்டரை வரிசையின் முன்னால் சேர்க்காதே என்பது இதன் பொருள். நிறுவி முடித்த நிரலை ஓட்டும் கணினிக்கு இது நல்லது. வகுப்பில் வேண்டாம், பக்கத்து ஃபைலையே இம்போர்ட் செய்ய முடியாமல் போகும். ‘ரஃப்’ சோதனைக் கருவியில் ஏ005 (ஏ பெரிய எழுத்து) என்ற விதியை இயக்கினால், லைப்ரரிப் பெயரை மறைக்கும் மாட்யூலை நிரல் ஓடுவதற்கு முன்பே சுட்டிக்காட்டும்.

கருவி எதுவும் இல்லையென்றால், உங்கள் ஃபோல்டரில் உள்ள பைதான் ஃபைல்களின் பெயர்களை மேலே சொன்ன லைப்ரரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொதுவானவற்றை அச்சிடும் நான்கு வரி நிரல் எழுதிக்கொள்ளுங்கள். அதை ஒருமுறை ஓட்டினால் போதாது, பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. 3.9இல் ‘ஜோன்இன்ஃபோ’ வந்தது, 3.11இல் ‘டாம்லிப்’ வந்தது, 3.13இல் 19 பழைய மாட்யூல்கள் போயின, 3.14இல் ‘கம்ப்ரெஷன்’ என்ற மிகப் பொதுவான சொல் உள்ளே வந்திருக்கிறது. ஆச்சியின் கடைக் கணினியில் பைதான் பதிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும், மாற்றுவதற்கு முதல் நாள், புதிய பதிப்பைத் தனியாக நிறுவி இந்த நான்கு வரியை அதில் ஓட்டுகிறோம். முகூர்த்த வாரத்தில் பதிப்பை மாற்றுவதில்லை.